ஊமையான ரேடியோவும் பழுது தேடும் முறையும்

வால்வு ரேடியோவின் சுவிட்சைத் திருப்பியதும் முகப்பு விளக்கு எரியும். ஆனால் குரல் உடனே எழாது. வால்வுகளின் இழைகள் சூடேறி எலெக்ட்ரான்களை வெளியிடும் நிலையை அடைய அரை நிமிஷம் போல் ஆகும். வீட்டார் அந்த அரை நிமிஷம் காத்திருப்பர். ஒரு நாள் எவ்வளவு காத்திருந்தும் குரல் எழாமற்போனால், பெட்டி துணியில் சுற்றப்பட்டுக் கடைத்தெருவிலுள்ள ரேடியோ மெக்கானிக்கிடம் செல்லும்.

அவர் பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் தகட்டை வெளியில் எடுத்துத் தலைகீழாக வைப்பார். வண்ண வளையங்கள் இட்ட மின்தடைகளும், மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களும், அவற்றை இணைக்கும் கம்பிகளும் அங்கே நெருங்கிக் கிடக்கும். அவற்றுள் பழுதானது பெரும்பாலும் ஒன்றே. அந்த ஒன்றைக் கண்டறிந்து, ஈயம் வைத்த இணைப்பை இளக்கி எடுத்து, அவ்விடத்தில் புதியதை வைப்பதே அவருடைய தொழில். மற்றவை யாவும் இருந்தபடியே இருக்கும். இதனை உறுப்பு வரையில் பழுதுபார்த்தல் எனலாம்.

இன்று பெரும்பாலான கருவிகளில் இவ்வாறு நடைபெறுவதில்லை. பழுதான கருவியின் பலகை முழுவதும் மாற்றப்படுகிறது. அல்லது கருவியே கழிவாகிறது. பழைய மேசைகளின் முன் தொழில் பயின்றவர்கள் அந்நாளை ஏக்கத்துடன் நினைவு கூர்கின்றனர். அவர்கள் இழந்ததாகக் கருதுவது யாது, அதில் காக்கத் தக்கது எது, அதனை வகுப்பறையில் எவ்வாறு கற்பிக்கலாம் என்பவற்றை இப்பாடம் ஆராய்கிறது.

பழுதினால் நின்றுபோனவை

ரேடியோ ஒரு பொழுதுபோக்குக் கருவியாக மட்டும் இருந்ததில்லை. 1956-ஆம் ஆண்டில், இன்று புணே எனப்படும் பூனாவைச் சுற்றியுள்ள மாவட்டங்களில், யுனெஸ்கோவின் ஒத்துழைப்புடன் அகில இந்திய ரேடியோ ஒரு சோதனையை நடத்தியது. சுமார் 150 கிராமங்களில் உழவர்கள் குழுவாகக் கூடி, வாரம் இருமுறை ஒலிபரப்பான விவசாய நிகழ்ச்சியைக் கேட்டனர். கேட்டபின் விவாதித்து, தம் ஐயங்களை நிலையத்திற்கு எழுதினர். இம்முயற்சி நற்பயன் தந்ததால் 1959-இல் நாட்டின் பிற பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

இத்தகைய குழுவிற்குக் கிராமத்தின் பொதுரேடியோ ஒன்றே ஆதாரம். அது ஊமையானால் கூட்டம் கலைந்துவிடும். பூச்சிமருந்து தெளிக்கும் நாளைப் பற்றிய அறிவிப்பும் எட்டாது. சில அணா விலையுள்ள ஒரு கண்டென்சர் கெடுவதாலேயே இது நேரக்கூடும். ஆகவே, எங்கே பழுது என்பதை விரைவில் கண்டு சொல்லக் கூடியவர் ஒரு வட்டாரத்தில் இருக்கிறாரா, இல்லையா என்பது பொதுநலனைச் சார்ந்த செய்தியாக இருந்தது.

பெட்டியினுள் நடப்பது

பழுது தேடுவதற்கு முன், பழுதில்லாத பெட்டியில் நடப்பது யாது என்பதை அறிதல் வேண்டும். 1918-ஆம் ஆண்டில் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்பார் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையே வால்வு ரேடியோக்களில் பெரும்பான்மையிலும், பின்னர் வந்த டிரான்சிஸ்டர் ரேடியோக்களிலும் கையாளப்பட்டது.

819 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வரும் ஒரு மத்திய அலையை எடுத்துக்கொள்வோம். பெட்டியினுள்ளேயே ஓர் அலையியற்றி உண்டு. அது 1274 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள அலையை உண்டாக்குகிறது. இவ்விரண்டும் கலக்கும்போது, இவற்றின் வேறுபாடாகிய 455 கிலோஹெர்ட்ஸ் அலை பிறக்கிறது. வேறொரு நிலையத்தைத் தேடித் திருகைத் திருப்பினால் அலையியற்றியின் அதிர்வெண்ணும் உடன் மாறும். ஆனால் வேறுபாடு எப்பொழுதும் 455 ஆகவே இருக்கும். இதனை இடைநிலை அதிர்வெண் என்பர். பெருக்கும் பகுதி இந்த ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டும் செவ்வையாக அமைக்கப்பட்டால் போதும் என்பதே இம்முறையின் சிறப்பு.

இடைநிலை அலை பெருக்கப்பட்டபின் டிடெக்டர் என்னும் பகுதி அதிலிருந்து பேச்சையோ இசையையோ பிரிக்கிறது. பின்னர் ஒலியளவுத் திருகின் வழியாகச் சென்று, ஒலிப்பெருக்கப் பகுதியில் வலுப்பெற்று, ஒலிபெருக்கியை அடைகிறது. இவை யாவற்றிற்கும் மின்சாரம் அளிக்கும் பகுதி தனியே உண்டு. ஆகவே ரேடியோ என்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த கட்டங்களின் வரிசை என்று கொள்ளலாம்.

வரிசையைப் பாதியாக்குதல்

எட்டுக் கட்டங்கள் உள்ள வரிசையில் ஒன்று கெட்டுவிட்டது என வைத்துக்கொள்வோம். முதற்கட்டம் முதல் ஒவ்வொன்றாகச் சோதித்து வந்தால் ஏழு சோதனைகள் வரையில் தேவைப்படலாம். அனுபவமிக்க மெக்கானிக் அவ்வாறு செய்வதில்லை. அவர் நடுவில் தொடங்குவார். நடுப்புள்ளியில் ஒரு சிறு குறியலையைச் செலுத்தினால் ஒலிபெருக்கி ஒலிக்கிறதா? ஒலித்தால் பின்பாதி நலமாக உள்ளது. பழுது முன்பாதியில் இருத்தல் வேண்டும். எஞ்சிய நான்கு கட்டங்களையும் மீண்டும் பாதியாக்குவார். மூன்றே சோதனைகளில் எட்டும் ஒன்றாகிவிடும்.

ரேடியோவில் இந்த நடுப்புள்ளி இயற்கையாகவே அமைந்துள்ளது. அது ஒலியளவுத் திருகின் நடுமுனை. மின்கலத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர் பெட்டியில் அம்முனையை ஒரு சிறு திருப்புளியால் தொட்டால், பின்பாதி நலமாயிருப்பின் ஒலிபெருக்கியில் சடசடப்பு எழும். இதற்குக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. பார்ப்பவருக்கு மெக்கானிக் எதையோ எண்ணாமல் தொட்டுப் பார்ப்பது போல் தோன்றும். ஆனால் அந்த ஒரு தொடுதலில் பெட்டியின் பாதி ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகிவிடுகிறது.

கரிந்த உறுப்பும் உண்மைக் காரணமும்

கட்டத்தைக் கண்டபின் அக்கட்டத்திலுள்ள உறுப்பைக் காணல் வேண்டும். தொழிலில் தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் வெளிப்படும்.

ஒரு பெட்டியில் இ.எல். 84 என்னும் இறுதி வால்வு கெட்டுவிட்டது. புதிய வால்வு பொருத்தியதும் பெட்டி பாடியது. ஆனால் சில வாரங்களில் மீண்டும் ஊமையாயிற்று. வால்வு மட்டமானது என்று கருதி மற்றொன்றை வாங்குவது எளிது. தேர்ந்தவரோ, அவ்வால்வு ஏன் கெட்டது என்று வினவுவார்.

இவ்வால்வின் கத்தோடுக்கும் தகட்டுக்கும் இடையே 135 ஓம் மின்தடை ஒன்று இருக்கும். முறையாக இயங்கும்போது அதன் வழியே சுமார் 53 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். ஓமின் விதிப்படி அங்கே 7.2 வோல்ட்டு அளவு இருத்தல் வேண்டும். பழுதுள்ள பெட்டியில் 10.8 வோல்ட்டு காணப்பட்டது எனக் கொள்வோம். 10.8-ஐ 135-ஆல் வகுத்தால் 80 மில்லி ஆம்பியர் வருகிறது. வால்வு தன் வரம்பிற்கு மேற்பட்ட சுமையைச் சுமக்கிறது என்பது, அதனைக் கழற்றாமலேயே தெளிவாகிறது.

அதிக ஓட்டத்திற்குக் காரணம் யாது? வால்வின் கிரிட் என்னும் கட்டுப்பாட்டு வலையில் இருக்கக்கூடாத நேர்மின்னழுத்தம் இருத்தல் வேண்டும். முந்திய வால்வின் ஆனோடில் சுமார் 100 வோல்ட்டு உண்டு. அங்கிருந்து ஒலிக்குறியை மட்டும் கடத்தி, நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது ஒரு சிறு காகிதக் கண்டென்சரின் கடமை. மழைக்காலத்து ஈரமும் பெட்டியினுள்ளே உண்டாகும் வெப்பமும் பல ஆண்டுகள் அதனைத் தாக்க, அதன் காப்பு தளர்கிறது. பல நூறு மெகோமாக இருக்க வேண்டிய காப்பு 15 மெகோமாகக் குறைந்துவிட்டதென்று வைத்துக்கொண்டு, கிரிட்டைத் தகட்டோடு இணைக்கும் மின்தடை 1 மெகோம் எனவும் கொண்டால், 100 வோல்ட்டில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 6 வோல்ட்டு, கிரிட்டை வந்தடையும். அத்துணைச் சிறிய கசிவே வால்வைச் சிறிது சிறிதாகக் கொன்றுவிடப் போதுமானது.

இக்கண்டென்சர் வெளித்தோற்றத்தில் புதியது போலவே இருக்கும். சாதாரண ஓம்மீட்டரில் 15 மெகோம் என்பது முள் அசையாத அளவு. ஆகவே அச்சோதனையிலும் அது தேறிவிடும். எனவே மெக்கானிக் அதன் கிரிட் பக்க முனையை மட்டும் இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு, கத்தோடின் மின்னழுத்தம் 7 வோல்ட்டுக்கு இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்கினால் ஐயம் தீர்ந்தது. இங்கே கெட்ட வால்வு விளைவு. கெடுத்த கண்டென்சர் காரணம். விளைவை மாற்றுவதனால் காரணம் நீங்காது என்னும் பாடம், அம்மேசையில் ஆண்டுக்குப் பன்முறை கண்முன் நிகழ்ந்தது.

ஒரே சரமாகக் கோத்த இழைகள்

ஏ.சி., டி.சி. என்னும் இருவகை மின்சாரத்திலும் இயங்கும் பெட்டிகள் ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்தன. அவற்றில் டிரான்ஸ்பார்மர் இல்லை. வால்வுகளின் இழைகள் யாவும் ஒரே சரமாகக் கோக்கப்பட்டிருந்தன. யு.சி.எச். 81, யு.பி.எப். 89 ஆகிய இரண்டின் இழைகளுக்கும் தலா 19 வோல்ட்டு, யு.பி.சி. 81-க்கு 14, யு.எல். 84-க்கு 45, யு.ஒய். 85-க்கு 38. மொத்தம் 135 வோல்ட்டு. மின்வழங்கல் 230 வோல்ட்டு எனில் எஞ்சிய 95 வோல்ட்டை ஒரு மின்தடை ஏற்க வேண்டும். சரத்தின் ஓட்டம் 0.1 ஆம்பியர், ஆகவே மின்தடை 950 ஓம். அதில் வெப்பமாகும் திறன் 9.5 வாட். இப்பெட்டிகளின் பின்புறம் ஏன் அவ்வளவு சுட்டது என்பது இக்கணக்கால் விளங்கும்.

ஓர் இழை அறுந்தால் ஐந்தும் அணைந்துவிடும். மின்செருகியை முற்றிலும் பிடுங்கியபின், ஓம்மீட்டரைச் சரத்தின் நடுவில் வைத்துப் பாதியாக்கும் முறையாலேயே அறுந்ததைக் கண்டுவிடலாம்.

இவ்வகைப் பெட்டியில் ஓர் அபாயம் உண்டு. மின்வழங்கலின் ஒரு கம்பி உலோகத் தகட்டோடு நேரே இணைந்திருக்கும். செருகியைத் திருப்பிச் செருகினால் தகடு முழுவதும் 230 வோல்ட்டு அழுத்தத்தில் நிற்கும். மேலும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் பெரிய கண்டென்சர் செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கும். அதனைத் தக்க மின்தடை ஒன்றின் வழியாக வெறுமையாக்கிய பின்னரே கை வைத்தல் வேண்டும். எனவே வால்வு ரேடியோ எதனையும் மாணாக்கர் திறத்தல் கூடாது.

டிரான்சிஸ்டர் வந்தபின்

1954-இல் நிறுவப்பெற்ற பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் ரேடியோ வால்வுகளையும், 1962-இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் உற்பத்தி செய்யத் தொடங்கியது. சில மின்கலங்களில் இயங்கும் சிறு பெட்டி வயலுக்கும் வண்டிக்கும் சென்றது. அப்போதும் உறுப்புகள் தனித்தனியே இருந்தன. தேடும் முறையும் மாறவில்லை. பம்பாயின் லாமிங்டன் சாலை, டில்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட், கல்கத்தாவின் சாந்தினி, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய இடங்களில் ஒற்றை டிரான்சிஸ்டரையோ ஒற்றைக் கண்டென்சரையோ எண்ணி வாங்க முடிந்தது.

புதிய உறுப்புகளோடு புதிய பழுதுகளும் வந்தன. ஏ.எப். 117 போன்ற டிரான்சிஸ்டர்களின் உலோகக் கூட்டினுள்ளே காலப்போக்கில் வெள்ளீயம் மயிரிழைகளாக வளர்ந்து, உள்முனையைக் கூட்டோடு தொடச் செய்துவிடும். கூட்டோடு இணைந்த நான்காவது கம்பியை வெட்டிவிட்டால், ஓர் இழை மட்டுமே தொட்டிருக்கும்போது பெட்டி மீண்டும் பாடும். கூட்டினுள் நடப்பதை மனக்கண்ணால் கண்டவருக்கே இத்தகைய மருத்துவம் கைகூடும்.

வழக்கம் குறைந்த காரணங்கள்

1958, 1959-ஆம் ஆண்டுகளில் ஜாக் கில்பி, ராபர்ட் நாய்ஸ் ஆகியோர் தொகுப்புச் சுற்றை உருவாக்கினர். பல டிரான்சிஸ்டர்கள் ஒரே சில்லில் அடங்கின; இன்று ஒரு ரேடியோ முழுவதும் சில மில்லிமீட்டர் அளவுள்ள சில்லில் அடங்கிவிடுகிறது. அதனுள் ஒரு பகுதி கெட்டால் அதனை மட்டும் மாற்ற வழியில்லை. தனி உறுப்புகளும் சிறுத்துவிட்டன. பலகையின் மேற்பரப்பில் ஒட்டப்படும் மின்தடை 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமுமே கொண்டது. ஒரு பலகையின் விலை, பழுது தேடும் தொழிலாளியின் ஒரு நாட்கூலிக்குக் குறைந்தபோது கணக்கு முடிந்துவிட்டது.

இவை தொழில்நுட்ப முன்னேற்றத்தின் விளைவுகள்; இவற்றைக் குறைகூறுவது முறையன்று. முற்காலத்துப் பெட்டியைவிட இன்றைய கருவி மலிவானது, அடிக்கடி கெடுவதுமில்லை. ஆனால் முன்னேற்றத்தோடு தொடர்பில்லாத மற்றொரு காரணமும் உண்டு. பழைய பெட்டிகள் பலவற்றின் பின்மூடியில் சுற்றுப்படம் ஒட்டப்பட்டிருந்தது. எந்த இடத்தில் எத்தனை வோல்ட்டு இருக்க வேண்டும் என்பதும் பழுதுபார்ப்போருக்கான குறிப்பேட்டில் அச்சிடப்பட்டிருந்தது. இன்றைய கருவிகள் பெரும்பாலானவற்றுக்கு அப்படம் வாங்குவோருக்குக் கிடைப்பதில்லை. இருக்க வேண்டிய அளவு தெரியாதபோது, அளந்து கண்ட அளவுக்குப் பொருளில்லை.

ஆயினும் இத்திறமை அழிந்துவிட்டதென்று கருதலாகாது. டில்லி கரோல் பாக் பகுதியிலுள்ள கஃபார் மார்க்கெட்டில் இன்றும் கைப்பேசிப் பலகைகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, வெப்பக்காற்றால் ஈயத்தை இளக்கி, கெட்ட ஓர் உறுப்பை மட்டும் மாற்றுகின்றனர். அங்கும் மேற்கொள்ளப்படுவது பாதியாக்கித் தேடும் அதே முறைதான். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையத்தளமும் தொடங்கப்பெற்றது. மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. கழிவைக் குறைக்கும் வழிகளுள் முதன்மையானது, கருவி கழிவாகாமல் காப்பதே அன்றோ?

வகுப்பில் செய்யத் தக்க பயிற்சி

இம்முறையைக் கற்பிக்கத் தனி உறுப்புகளால் ஆன, மின்கலத்தில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றும் ஒரு மல்டிமீட்டரும் போதும். பழைய பெட்டி கிடைக்காத இடத்தில் உறுப்புத் தொகுதியாக வாங்கி மாணாக்கரே இணைக்கலாம்.

1. பெட்டி நன்கு இயங்கும்போதே மாணாக்கர் அதன் கட்டங்களை வரிசையாக வரைந்து, முக்கியமான பத்து இடங்களின் மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளட்டும். இதுவே அவர்களுடைய சுற்றுக்குறிப்பு.

2. மாணாக்கர் காணாதவாறு ஆசிரியர் ஒரு பழுதை உண்டாக்குக. ஒலிபெருக்கியின் கம்பியை எடுத்துவிடலாம். இணைப்புக் கண்டென்சரின் ஒரு முனையைத் தூக்கிவிடலாம். பேஸ் முனைக்கு மின்னழுத்தம் தரும் மின்தடையைத் துண்டிக்கலாம்.

3. மாணாக்கர் முதலில் மின்கலத்தையும், பின்னர் ஒலியளவுத் திருகின் நடுமுனையையும் சோதித்து, பழுதுள்ள பாதியைத் தீர்மானிக்கட்டும். குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வேண்டும்: அளந்த இடம், இருக்க வேண்டிய அளவு, கண்ட அளவு.

4. எந்த உறுப்பு பழுது, ஏன் என்பதை எழுதிக் காட்டிய பின்னரே ஈயம் இளக்கும் கோலை எடுக்க அனுமதித்தல் வேண்டும். ஊகத்தால் உறுப்புகளை மாற்றிக்கொண்டே போய்ப் பெட்டி பாடிவிட்டாலும், அது பயிற்சியில் தேறியதாகாது.

ஓர் எடுத்துக்காட்டு: 6 வோல்ட்டு மின்கலத்தின் குறுக்கே 10,000 ஓம், 2,000 ஓம் மின்தடைகள் தொடராக இணைந்து, அவை சேருமிடத்தில் சிலிக்கன் டிரான்சிஸ்டரின் பேஸ் முனை உள்ளது. 2,000 ஓம் மின்தடை எதிர்முனைப் பக்கம் இருந்தால் பேஸில் சுமார் 1 வோல்ட்டு இருத்தல் வேண்டும். எமிட்டரில் அதைவிட 0.6 வோல்ட்டு போல் குறைவாக, ஏறத்தாழ 0.4 வோல்ட்டு இருத்தல் வேண்டும். பேஸில் சுழி எனில், மின்சாரம் அவ்விடத்தை எட்டுகிறதா என்று முதலில் பார்த்து, எட்டுவதாயின் 10,000 ஓம் மின்தடையை ஐயுறுக. பேஸில் 1 வோல்ட்டு இருந்தும் எமிட்டரில் சுழி எனில் டிரான்சிஸ்டரையே ஐயுறுக. இரண்டே அளவுகளில் இம்முடிவுகளை அடையலாம் என்பதை மாணாக்கர் தாமே கண்டுணர்வர்.

ஈயம் கலந்த பற்றாசு கையாளப்படுமாயின், அறையில் காற்றோட்டம் இருத்தலும், பயிற்சிக்குப் பின் கைகளைக் கழுவுதலும் இன்றியமையாதவை.

களப்பணியாளர்க்கும் இப்பயிற்சி பயன்படும். இறைப்புப் பம்பு நின்றாலும், சூரியமின் விளக்கு எரியாவிட்டாலும், அதுவும் ஒரு வரிசையே: மூலம், கம்பி, சுவிட்சு, கட்டுப்படுத்தி, இறுதிக் கருவி. நடுவில் ஓர் இடத்தை அளந்தால் பாதி தெளிவாகும். ‘மெஷின் கெட்டுவிட்டது’ என்று எழுதுவதற்கு மாறாக, ‘கட்டுப்படுத்தி வரையில் 12 வோல்ட்டு வருகிறது, அதற்கப்பால் இல்லை’ என்று எழுதும் அறிக்கை, பழுதைப் பாதி தீர்த்த அறிக்கையாகும்.

பழைய மெக்கானிக் பெட்டியைத் திருப்பித் தரும்போது, எடுத்த உறுப்பையும் ஒரு காகிதத்தில் மடித்துத் தருவதுண்டு. கெட்டது இதுவே என்று அவரால் சொல்ல முடிந்ததற்கு அது சான்று. பயிற்சி முடிந்ததும் மாணாக்கரும் தாம் கண்ட உறுப்பை மேசைமேல் வைத்து, அது கெட்டது என்று தாம் அறிந்த வழியைத் தம் வகுப்பினருக்கு எடுத்துரைக்கச் செய்தல் நன்று.